ஓடுபாதை இல்லாத இடத்தில், வெண்பனியிலும் மாரியிலும் சிறு விமானத்தை இறக்குதல்

மார்கழி மாதத்தில் திருகோணமலைக்கு அருகேயுள்ள தம்பலகாமத்து வயல்வெளியை ஆயிரம் அடி உயரத்திலிருந்து பார்ப்பவருக்கு, அது விமானம் இறங்குவதற்கென்றே விரித்து வைத்த பச்சைப் பாய் போலத் தோன்றும். பெரும்போகப் பயிர் நிமிர்ந்து நிற்கும் அந்த வேளையில், பயிருக்குள் தேங்கிய நீரோ, நீருக்குக் கீழே கிடக்கும் சுரியோ, வயலைக் கூறுபோடும் வரம்புகளோ மேலேயிருந்து தெரிவதில்லை. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து வடக்கில் தை மாதத்து ஏரியும் இப்படித்தான் கண்ணை ஏமாற்றும். அங்கே பாயின் நிறம் வெள்ளை. அடியில் கிடப்பது நீர் ஊறிய பனிக்கூழ்.

திருகோணமலையில் பிறந்து, கனடாவில் பறக்கக் கற்று, இரண்டு பனிக்காலங்கள் ஸ்கீ எனப்படும் பனிச்சறுக்குப் பலகை பூட்டிய செஸ்னாச் சிறு விமானத்தில் உறைந்த ஏரிகளில் இறங்கி எழும்பியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நம் ஊரிலிருந்து விமானி உரிமம் பெறுவதற்காகக் கனடாவுக்குப் போகும் பிள்ளைகள் ஆண்டுதோறும் என்னிடம் வந்து கேட்பது பெரும்பாலும் கட்டணத்தைப் பற்றியும் பரீட்சையைப் பற்றியும்தான். நான் அவர்களுக்குச் சொல்ல விரும்புவது நிலத்தைப் பற்றி. ஓடுபாதைக்கு வெளியே நடக்கும் பனிக்கால விபத்துகளில், இறங்கும் கணம் வரை எஞ்சினிலும் இறக்கையிலும் குறையே இல்லாத விமானங்கள் பல உண்டு. அவற்றின் விமானிகள் நம்பிய தரைதான் அவர்களைக் கைவிட்டது.

சிறு வயதில் என் பெரியப்பாவோடு வயலுக்குப் போகும்போது அவர் கையில் எப்போதும் ஒரு காட்டுத்தடி இருக்கும். புதிதாக வெள்ளம் வடிந்த இடத்தில் நான் ஓடப் பார்த்தால், தடியைக் குறுக்கே நீட்டி மறித்து, “தம்பி, பாத்தாக் கட்டாந்தரை மாதிரித்தான் கிடக்கும். கம்பை ஊண்டிப் பாத்திட்டுத்தான் காலை வைக்கோணும்” என்பார். ஸ்கீ விமானம் ஓட்டக் கற்ற நாட்களில் என் பயிற்றுநர் ஆங்கிலத்தில் விளக்கிய முறை ஒன்று, பெரியப்பாவின் அந்தத் தடிதான் என்று எனக்கு உடனே விளங்கியது. அதைப் பின்னர் விரிவாகச் சொல்கிறேன்.

எஞ்சினுக்குள் உறையும் பனி

பனியே காணாத திருகோணமலையிலும் எஞ்சினுக்குள் பனி உறையும் என்றால் பலர் நம்புவதில்லை. எரிபொருளையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் உள்ள எஞ்சினில், எரிபொருள் ஆவியாவதாலும் காற்று ஒடுங்கிய வழியால் விரைந்து பாய்வதாலும் உள்ளே வெப்பநிலை 30 பாகை செல்சியசுக்கு மேலும் சரியக்கூடும். ஆகவே வெளியே 25 பாகையும் கனத்த ஈரப்பதனும் இருக்கிற மார்கழிக் காலையில், கொட்டியாரக் குடாவுக்கு மேலே எஞ்சின் வலுவைக் குறைத்துக்கொண்டு இறங்கும்போது கார்புரேட்டரின் தொண்டையில் பனி கட்டுவது முற்றிலும் இயல்பான காரியம். அலகின் கோணம் மாறாத புரொப்பெல்லரில் அதன் முதல் அடையாளம், காரணமின்றிச் சுழற்சி எண்ணிக்கை மெல்லக் குறைவது. அந்த நொடியே, சூடான காற்றை உள்ளே விடும் கார்புரேட்டர் சூட்டை முழுமையாகத் திறக்க வேண்டும். பாதியளவு திறப்பது ஆபத்தானது. சூடு உள்ளே போனதும் உருகிய நீர் எஞ்சினுக்குள் இழுக்கப்படுவதால், எஞ்சின் சிறிது நேரம் முன்னிலும் மோசமாகக் குலுங்கும். சூடுதான் கெடுத்துவிட்டது என்றெண்ணி அதை மூடிவிடுகிறவர்கள், உருகிக்கொண்டிருந்த பனியை மீண்டும் உறைய விட்டு, தேவையே இல்லாத ஓர் அவசர இறக்கத்தைத் தாங்களே வரவழைத்துக்கொள்கிறார்கள். குலுக்கம் அடங்கும் வரை பொறுத்திருங்கள்.

கனடாவின் கடுங்குளிரில் சிக்கல் வேறு. காற்று மிக வறண்டிருப்பதால் கார்புரேட்டர் பனி குறையும். ஆனால் உயரமானி பொய் சொல்லத் தொடங்கும். குளிர்ந்த காற்று அடர்ந்து சுருங்குவதால், உயரமானி காட்டும் உயரத்தைவிட விமானம் தாழ்வாகவே இருக்கும். நிலமட்டத்தில் வெப்பநிலை மறை 30 பாகை, அதாவது பூச்சியத்துக்குக் கீழே 30 என்றால், 1,000 அடி என்று முள் காட்டும்போது ஏறக்குறைய 190 அடி குறைவாக எண்ணிக்கொள்ள வேண்டும். மலைக்கும் மரத்துக்கும் மேலாகப் பறந்து இறங்கு இடம் தேடுகிறவருக்கு 190 அடி என்பது உயிர்.

இடத்தைத் தெரிவு செய்தல்

எஞ்சின் நின்றுவிட்டால் செஸ்னா 172 போன்ற விமானம், ஏறக்குறைய 65 நொட் (மணிக்கு 65 கடல் மைல்) வேகத்தில், காற்றில்லாத நாளில் 1,000 அடிக்கு ஒன்றரைக் கடல் மைல் மிதந்து போகும். 3,000 அடியிலிருந்து கிடைப்பது எட்டுக் கிலோமீற்றர் அளவுதான். அதில் பாதியைத் திரும்புவதிலும் தயக்கத்திலும் இழந்துவிடுவோம் என்று கருதி, கண்ணுக்கெட்டிய தூரத்து நல்ல இடத்தைவிடக் கைக்கெட்டிய சுமாரான இடத்தை உடனே தெரிவு செய்வதே என் வழக்கம்.

காற்றுக்கு எதிராக இறங்குங்கள் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். ஏன் என்பதைக் கணக்காகப் பார்த்தால்தான் மனதில் பதியும். 40 நொட்டில் தரை தொடும் விமானம், 10 நொட் காற்றுக்கு எதிராக இறங்கினால் தரையின் மேல் அதன் வேகம் 30 நொட். அதே காற்றை முதுகில் வாங்கினால் 50 நொட். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், இரண்டாவது இறக்கத்தில் உடல் தாங்க வேண்டிய ஆற்றல் முதலாவதைப் போல் ஏறத்தாழ 2.8 மடங்கு. பனி நாட்டில் காற்றின் திசையைப் புகைபோக்கிப் புகையும், ஏரியின் மேல் ஓடும் பனித்தூளும் காட்டும். நம் ஊரில் மாரியில் அடிப்பது பெரும்பாலும் வாடை. சந்தேகமிருந்தால் குளத்து நீரைப் பாருங்கள், காற்று வரும் கரையோரம் நீர் அலையின்றி வழுவழுப்பாக இருக்கும்.

பனி மூடிய வெளியில் காற்று செதுக்கிய வரிவரியான மேடுகள் உண்டு. பார்வைக்கு மென்மையாகத் தெரிந்தாலும் அவை கல் போல் இறுகியிருக்கும். குறுக்கே இறங்கினால் சக்கரத் தண்டு முறியும். காற்று அவற்றுக்குச் சற்றுக் குறுக்காக இருந்தாலும், மேடுகளின் போக்கிலேயே இறங்குவது நல்லது. சக்கரத்தோடு ஆழமான பனியில் இறங்க நேர்ந்தால், முன்சக்கரம் புதைந்து விமானம் குப்புறக் கவிழும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு தயாராக வேண்டும்: இறக்கையின் பின்விளிம்பு மடிப்பான பிளாப்பை முழுதாக இறக்கி, எஞ்சின் வேலை செய்தால் சிறிது வலுவோடு, முடிந்த அளவு குறைந்த வேகத்தில், மூக்கைத் தூக்கிப் பிடித்தபடி தரையைத் தொட்டு, கட்டுப்பாட்டுப் பிடியை இறுதி வரை பின்னே இழுத்து வைத்திருக்க வேண்டும்.

எஞ்சின் நின்ற நிலையிலானால், தரை தொடும் முன் எரிபொருளை மூடுங்கள். எரிகலவையை அறுத்து, தீப்பொறித் திறப்பை நிறுத்துங்கள். பிளாப் மின்சாரத்தில் இயங்குவதால் அது இறங்கி முடிந்த பிறகே பிரதான மின்னாளியை அணையுங்கள். கதவுகளின் தாழைத் திறந்து விடுவதை மறக்கவே கூடாது. மோதலில் சட்டகம் நெளிந்தால், மூடிய கதவு உள்ளிருப்பவர்களைச் சிறை வைத்துவிடும்.

வெள்ளைக்குள் கண் தோற்கும்போது

மேகம் மூடிய பகலில், பனி மூடிய ஏரியின் நடுவே நிழலே விழாது. வானமும் தரையும் ஒரே பாலாகக் கலந்து, அடிவானம் மறைந்து, பத்து அடி உயரமும் நூறு அடி உயரமும் ஒன்றுபோலத் தோன்றும். இதை முதன்முறையாக அனுபவித்தபோது, தேர்ந்த விமானிகள்கூட ஏன் பறந்துகொண்டே தரைக்குள் போகிறார்கள் என்பது எனக்கு விளங்கியது. 1946 நவம்பரில் அமெரிக்க இராணுவத்தின் சி-53 விமானம் ஒன்று, மோசமான பார்வைப்புலத்தில் சுவிற்சர்லாந்தின் கௌலி பனியாற்றின் மேல் எதிர்பாராமல் மோதியது. பனியாற்றுச் சரிவு விமானத்தைத் தாங்கி இழுத்து நிறுத்தியதால் அதிலிருந்த 12 பேரும் உயிர் தப்பினார்கள். அப்படியொரு வாய்ப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

இத்தகைய வெளிச்சத்தில் தரை தெரியும் வரை காத்திருந்து மூக்கைத் தூக்கும் வழக்கமான இறக்கத்தைச் செய்யக் கூடாது. அசையாத கண்ணாடி நீரில் மிதவை விமானங்கள் இறங்கும் முறையையே இங்கும் பின்பற்ற வேண்டும். இறங்கும் வேகத்தையும் விமானத்தின் நிலையையும் முன்பே அமைத்துக்கொண்டு, நிமிடத்துக்கு 150 அடி என்ற அளவில், எஞ்சின் வலுவோடு, ஸ்கீ தானாகத் தரையைத் தொடும் வரை எதையும் மாற்றாமல் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கு நீண்ட வெளி தேவை என்பதால், நடு ஏரியை விட்டு, மரங்கள் நிற்கும் கரைக்கு இணையாக வாருங்கள். கரையோரத்து மரங்களின் கருமை கண்ணுக்கு உயரத்தைச் சொல்லும். மரமே இல்லாத இடத்தில் பழைய விமானிகள் ஊசியிலை மரக் கிளைகளையோ, கறுப்புப் பைகளையோ வரிசையாக எறிந்துவிட்டு, சுற்றி வந்து அவற்றுக்கு அருகே இறங்குவார்கள். இன்றும் இதைவிட மலிவான உதவி வேறில்லை. பின்னிருக்கையில் நான்கு கறுப்புப் பைகளை வைத்திருப்பதற்கு எந்தச் செலவும் இல்லை.

கம்பு ஊன்றிப் பார்த்தல்

உறைந்த ஏரியில் விமானிகளைப் பெரிதும் சிறைப்பிடிப்பது, பனிக்கட்டி உடைவதைவிடப் பனிக்கட்டிக்கு மேலே ஊறி நிற்கும் நீர்தான். புதிதாகக் கொட்டிய பனியின் பாரம் பனிக்கட்டியைக் கீழே அமிழ்த்துகிறது. வெடிப்புகளின் வழியே ஏரி நீர் மேலே ஏறிப் பரவுகிறது. அதன் மேல் கிடக்கும் பனி, கம்பளி போலக் குளிரைத் தடுப்பதால், வெளியே மறை 30 பாகையிலும் அந்த நீர் உறையாமல் கூழாகவே கிடக்கும். மேலே பார்த்தால் ஒரே வெள்ளை. ஸ்கீ அதில் இறங்கினால் புதையும்; நின்றால், அந்தக் கூழ் குளிர்காற்றோடு சேர்ந்து பலகையோடு ஒட்டிக் கல்லாகும்.

இதைக் கண்டறியும் வழி இது. வழக்கமாக இறங்குவது போல் வந்து, விமானத்தின் எடையை இறக்கையே தாங்கும் அளவுக்கு எஞ்சின் வலுவை விட்டு வைத்து, ஸ்கீக்கள் மட்டும் பனியைத் தொட, சில நூறு மீற்றர் தூரம் இழுத்துக்கொண்டு போய், நிற்காமல் எழும்புங்கள். பிறகு ஒரு சுற்றுச் சுற்றிவந்து உங்கள் தடத்தைப் பாருங்கள். தடம் வெள்ளையாகவே இருந்தால் அடியில் உலர்ந்த பனி. தடம் சாம்பல் நிறமாகவோ கருமையாகவோ மாறினால் அடியில் நீர், அங்கே இறங்காதீர்கள். நீர் ஊறிவரச் சில நிமிடங்கள் ஆகும் என்பதால், முதல் சுற்றிலேயே முடிவெடுக்காமல் இன்னொரு சுற்றுச் சுற்றுவது நன்று. அதே கோட்டில் இரண்டு மூன்று தடவை இழுத்தால், பனி இறுகி ஒரு சிறு ஓடுபாதையும் கிடைத்துவிடும்.

என் இரண்டாவது பனிக்காலத்தில், மாசி மாதத்து மாலையொன்றில், நான் இவ்வளவையும் ஒழுங்காகச் செய்தேன். தடம் வெள்ளையாகவே கிடந்தது. ஆனால் கரையிலிருந்த மரக்குடிசைக்கு நடக்கும் தூரத்தைக் குறைப்பதற்காக, தடம் பதித்த கோட்டை விட்டு, ஏறத்தாழ 200 மீற்றர் கரைப்பக்கமாக இறங்கினேன். வேகம் தளர்ந்ததும் விமானம் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்தது போல் நின்றது. கதவைத் திறந்து பார்த்தபோது இடது ஸ்கீ தெரியவில்லை; அது இருந்த இடத்தில் நீல நிறக் கூழ், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரங்களில் மங்கி இறுகத் தொடங்கியது. நானும் கூட வந்தவரும் இருட்டும் வரை மண்வெட்டியால் வெட்டி, ஊசியிலை மரங்களைத் தறித்துத் தடிகளைச் செருகி, ஒவ்வொரு பலகையாக நெம்பி மேலே ஏற்றினோம். என் கையுறையின் விரல்கள் விறைத்துத் தனித்தனியாக மடங்க மறுத்தன. பிறகு விமானத்துக்கு முன்னால் 300 மீற்றர் தூரத்தை நடந்தே மிதித்து இறுக்கி, இரவு முழுவதும் உறைய விட்டு, மறுநாள் காலையில் அந்தப் பாதையால் எழும்பினோம். பெரியப்பா ஊன்றிப் பார்த்த இடத்தில்தான் காலை வைப்பார். நான் ஓரிடத்தில் ஊன்றி வேறோரிடத்தில் வைத்தேன். சோதித்த தடத்திலேயே இறங்குங்கள், ஒரு மீற்றர்கூட விலகாதீர்கள்.

இறங்கியதும் உடனே நிற்க வேண்டாம் என்பதும் இதோடு சேர்ந்தது. வேகம் இருக்கும்போதே வட்டமாகத் திரும்பி, உங்கள் தடத்தின் மேலேயே எழும்பும் திசைக்கு முகம் பார்க்க வந்த பின்னரே நிறுத்துங்கள். நிறுத்தும் இடத்தில் கிளைகளைப் பரப்பி அதன் மேல் ஸ்கீக்களை ஏற்றினால், இரவில் பலகை பனியோடு ஒட்டாது.

பெயர் பெற்றவர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. அலாஸ்காவின் புகழ்பெற்ற விமானி பொப் ரீவ், வால்டிஸ் நகரத்துச் சேற்று நிலத்தில் உலோகத் தகடு பூட்டிய ஸ்கீயோடு கோடையிலும் எழும்பி இறங்கியவர். சேற்றையும் பனியையும் அவரளவு அறிந்தவர்கள் குறைவு. 1937 ஜூனில் மலையேறிகளான பிராட்ஃபோர்ட் வோஷ்பர்ன், பொப் பேட்ஸ் இருவரையும் யூகோனின் வோல்ஷ் பனியாற்றில், 8,000 அடிக்கு மேலே இறக்கியபோது, எதிர்பாராத வெம்மையால் பனி கூழாகிக் கிடந்தது. விமானம் புதைந்து, ரீவ் நாட்கணக்கில் அங்கே அகப்பட்டார். பெரும்பாட்டுக்குப் பிறகே எழும்ப முடிந்தது. இனி அங்கே விமானம் வர முடியாது என்று தெரிந்த மலையேறிகள் இருவரும், லுக்கேனியா சிகரத்தை ஏறி முடித்து, நடந்தே வெளியேறினார்கள்.

பனிக்கட்டியின் தடிப்பு

கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்தைச் சேர்ந்த கோல்ட் என்பவர் 1971இல் வெளியிட்ட எளிய சூத்திரம் இன்றும் பயன்படுகிறது: தெளிந்த பனிக்கட்டியின் தடிப்பைச் சென்ரிமீற்றரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 4 ஆல் பெருக்கினால், தாங்கக்கூடிய எடை கிலோகிராமில் கிடைக்கும். முழு எடையில் 1,157 கிலோகிராம் உள்ள செஸ்னா 172 எஸ் விமானத்துக்கு 17 சென்ரிமீற்றர் என்று கணக்கு வரும். ஆனால் பனி நனைந்து உறைந்த வெள்ளைப் பனிக்கட்டிக்குப் பாதி வலுவே உண்டு. 10 சென்ரிமீற்றர் தெளிந்த கட்டியும் அதன் மேல் 10 சென்ரிமீற்றர் வெள்ளைக் கட்டியும் இருந்தால், கணக்கில் 15 சென்ரிமீற்றர்தான். அது 900 கிலோகிராம் மட்டுமே தாங்கும். அளவுகோலில் 20 என்று பார்த்து மகிழ்ந்தவர் அங்கே அமிழ்ந்துபோவார். இறங்கும் அதிர்ச்சியும், நீண்ட நேரம் நிறுத்தி வைக்கும்போது கட்டி மெல்லத் தொய்வதும் இந்தக் கணக்கில் இல்லை. ஆகவே 30 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் நான் இறங்குவதில்லை. ஆறு வந்து விழும் வாயிலும், ஏரி வழிந்தோடும் முனையிலும், ஒடுங்கிய நீரிணைகளிலும் கட்டி எப்போதும் மெலிந்திருக்கும். அங்கே அளந்து பார்க்கும் எண்ணமே வேண்டாம்.

நம்முடைய மாரியில்

2020 டிசம்பர் 15 அன்று திருகோணமலைச் சீனக்குடாவிலிருந்து புறப்பட்ட விமானப்படையின் பிடி-6 பயிற்சி விமானம் கந்தளாய்ப் பகுதியில் விழுந்து, தனியாகப் பறந்த இளம் பயிற்சி விமானி உயிரிழந்தார். அந்தச் செய்தி வந்த நாள் முதல், மாரியில் நம் நிலத்தின் எந்தப் பகுதி விமானத்தைத் தாங்கும் என்று நான் தெருவால் போகும்போதெல்லாம் பார்த்து வைக்கிறேன்.

ஐப்பசி முதல் தை வரை நெல்வயலைத் தரை என்று எண்ணாதீர்கள். ஆழம் குறைந்த நீர் என்றே எண்ணுங்கள். வேறு வழியில்லாவிட்டால், நீண்ட வரம்புக்கு இணையாக, ஒரே வயலுக்குள் முடியும்படி, ஆகக் குறைந்த வேகத்தில் இறங்குங்கள். வரம்பைக் குறுக்கே வெட்டுவதுதான் கொல்லும். மாசி, பங்குனியில் அறுவடை முடிந்து தாள் மட்டும் நிற்கும் காய்ந்த வயல், அதே இடத்தில் கிடைக்கும் மிக நல்ல தரை. நிலாவெளியின் உப்பளப் பாத்திகள் மேலிருந்து ஒழுங்காகத் தெரிந்தாலும் அவையும் வரம்புக் காடுதான். கடற்கரையில் இறங்குவதானால், காலுக்கடியில் நொறுங்கும் காய்ந்த மணலை விட்டு, அலை நனைத்து இறுக்கிய ஈரமணலைப் பிடியுங்கள். ஆனால் மாரியில் வாடை கடலை ஏற்றிவிடுவதால் அந்த ஈரமணல் ஒடுங்கிச் சரிந்திருக்கும். வீதிகள் அகன்று தெரிந்தாலும் குறுக்கே போகும் மின்கம்பிகள் கடைசி நொடி வரை கண்ணில் படா. கம்பங்களைத் தேடுங்கள், கம்பியைத் தேடாதீர்கள்.

நீரில் இறங்க நேர்ந்தால், நிலைத்த சக்கர விமானம் கவிழும். உயிர்க்காப்பு அங்கியை அணிந்திருங்கள், ஆனால் வெளியே வரும் வரை ஊதாதீர்கள். உள்ளே ஊதினால் அது உங்களைக் கூரையோடு அழுத்தி வைத்துவிடும்.

இறங்கிய பின்

விமானம் தலைகீழாகக் கிடந்தால், பட்டியை அவிழ்க்கும் முன் ஒரு கையால் கூரையை அழுத்தி உடலைத் தாங்குங்கள். மோதலில் தப்பியவர்கள் பட்டியை அவிழ்த்துத் தலைகீழாக விழுந்து கழுத்தை முறித்துக்கொள்ளக்கூடும். பனியில், விமானத்தை விட்டு நடந்து போகாதீர்கள். கௌலியில் மோதியவர்கள் உடைந்த விமானத்திலேயே தங்கியிருந்ததால்தான், ஐந்து நாட்களின் பின் ஸ்கீ பூட்டிய இரண்டு சிறிய ஸ்டோர்க் விமானங்கள் பனியாற்றில் இறங்கி அவர்களைக் கொண்டுபோக முடிந்தது.

விபத்து நடந்த இடத்தை அறிவிக்கும் அவசர நிலை ஒலிபரப்பி 406 மெகாஹேர்ட்ஸ் வகையானதா என்று புறப்படும் முன்பே பாருங்கள். 2009 பெப்ரவரி 1 முதல் செய்மதிகள் பழைய 121.5 அலைவரிசையைக் கேட்பதில்லை. அலாஸ்காச் சட்டம் நெடுங்காலமாக, அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 1 வரை விமானத்தில் பனிமிதியடியும் உறக்கப்பையும் இருக்க வேண்டும் என்று சொல்லி வந்தது. எங்கே பறந்தாலும் அந்தப் பட்டியலை உங்களுக்கும் சட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். தீப்பெட்டியும் கத்தியும் பின்பெட்டியில் இருந்தால் போதாது. எரியும் விமானத்திலிருந்து வெளியே குதிக்கும்போது உங்களோடு வருவது உங்கள் சட்டைப்பை மட்டும்தான். அவற்றை அதற்குள் வையுங்கள்.